மாப்பிள்ளையின் காதுகள்

மாப்பிள்ளைக்கு வாய்க்கூடு தைத்துத் தரச் சொல்லி ஐஸ்காரர் என்னிடம் வந்தபோது நான் பள்ளிச் சீருடைகளுக்கு நடுவில் கழுத்தளவு மூழ்கிக் கிடந்தேன். பள்ளிக்கூடம் திறக்கிற சமயம், மூச்சுவிட நேரமில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு குதிரையின் வாய்க்கு உறை தைக்க வேண்டுமென்று கேன்வாஸ் துணியைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரு மனிதர் படியேறி வந்து நிற்கிறார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் திட்டவும் மனசு வராது. தப்பான வீட்டுக் கதவைத் தட்டிவிட்டவர் மாதிரிதான் எப்போதும் நிற்பார்.

"அளவெடுக்க நீங்க கீழ வரணும் டெய்லரக்கா" என்றார்.

"அது என் கையைக் கடிச்சுட்டா சீருடைய யாரு தைப்பா? நீயே அளவெடுத்துட்டு வா தம்பி. உனக்குத்தான் கடி பழகிப்போச்சே."

சிரித்தார். சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தார். முழங்கைக்கு மேலே இரண்டு வரிசை பல் பதிந்து கருநீலமாகக் கன்றிப்போயிருந்தது.

மாப்பிள்ளை என்பது அந்தக் குதிரையின் பெயர். பெயர் வைத்தது ஐஸ்காரர் மனைவி. வாங்கிக்கொண்டு வந்த அன்று வாளியில் தண்ணீர் வைத்தால் முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டதாம். வாளியைத் தேய்த்துக் கழுவி வேறு தண்ணீர் பிடித்து வைத்த பிறகுதான் குடித்ததாம். மாப்பிள்ளை முறுக்கைப் பாரு என்று அவள் சொல்லிவைக்க, அதுவே நிலைத்துவிட்டது. மாப்பிள்ளை சாப்பிட்டாச்சா, மாப்பிள்ளைக்கு இன்றைக்கு மூடு சரியில்லை என்று அந்த வீட்டில் பேசுவதைப் புதிதாகக் கேட்கிறவர்கள் அந்தத் தம்பதிக்குக் கல்யாணமான மகள் ஒருத்தி இருக்கிறாள் என்றே நினைப்பார்கள். அவர்களுக்குப் பிள்ளையே கிடையாது.

நான் குடியிருப்பது மாடியறையில். ஜன்னலுக்கு நேர் கீழே முற்றம். ஒரு பக்கம் லாயம், எதிரே அவர்களுடைய இரண்டு அறை வீடு, நடுவில் வண்டி. வெளிச்சத்துக்காகத் தையல் மெஷினை ஜன்னலோரம் போட்டிருக்கிறேன். அதனால் அங்கே ஒரு கரண்டி கீழே விழுந்தாலும் எனக்குத் தெரிந்துவிடும். வேடிக்கை பார்க்கிறவள் என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். கண்ணைக் கட்டிக்கொண்டு தைக்க எனக்குத் தெரியாது.

ஐஸ் ஃபேக்டரியிலிருந்து மீன் சந்தைக்குக் கட்டி ஐஸ் கொண்டுபோவதுதான் அவர்கள் பிழைப்பு. சந்தைத் தெருவில் லாரி நுழையாது. ஒற்றைக் குதிரை வண்டி போனாலே இரண்டு பக்கமும் கடைக்காரர்கள் கூடையை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். ஃபேக்டரிச் சரிவில் பாளம் பாளமாக வழுக்கிவரும் ஐஸைக் கொக்கி போட்டு இழுத்து வண்டியில் அடுக்குவது ஐஸ்காரரின் தம்பி. அவனைச் சின்னவன் என்போம். மரத்தூள் தூவிச் சாக்குப் போட்டு மூடி ஓட்டிப்போவது ஐஸ்காரர். மற்றதெல்லாம் அவர் மனைவி தலையில். மரத்தூளைச் சலிப்பாள், நனைந்த சாக்குகளைப் பிழிந்து உலர்த்துவாள், லாயத்தைக் கூட்டுவாள், விடிந்ததும் குதிரையை வண்டியில் பூட்டுவாள். தண்ணீர் ஊறிய சாக்கு என்ன கனம் கனக்கும் என்பது தூக்கினவர்களுக்குத்தான் தெரியும். மத்தியானம் எனக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுக்க மேலே வருவாள். எனக்குக் கிட்டத்தில் கண் மங்கிவிட்டது, அவளுக்குக் கை நடுங்காது. ஒரு வரிசை ஊசிகளையும் கோத்துக் குத்திவைத்துவிட்டு, சுவரில் முதுகைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொள்வாள்.

முதுகு வலி அவளுக்கு ரொம்ப நாளாக உண்டு. நான் குடிவந்த புதிதில் அவள் புலம்புவது மாடிவரை கேட்கும். முதுகு ஒடியுதுங்க, இந்தச் சாக்கை யாராவது வந்து தூக்குங்க என்பாள். ஐஸ்காரர் கத்துகிற ஆளில்லை, கை நீட்டுகிற ஆளும் இல்லை. பேச்சை நிறுத்திவிடுவார், அவ்வளவுதான். பாதிச் சாப்பாட்டில் தட்டை நகர்த்திவைத்துவிட்டு வண்டியில் போய் உட்கார்ந்துகொள்வார். அவள் சமாதானமாகி, முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தபடி வெளியே வந்தால் அந்த நிமிஷமே இறங்கிவந்துவிடுவார். "இப்படி இருந்தா எவ்வளவு நல்லா இருக்கு" என்பார். டீ போட்டுக்கூடக் கொடுப்பார். வருஷம் போகப் போகக் கீழேயிருந்து புலம்பல் எதுவும் கேட்பதில்லை. தெருவில் எல்லோரும் அவளைச் சிரித்த முகக்காரி என்பார்கள். நானும் சொல்லியிருக்கிறேன்.

போன மழைக்காலத்தில் ஃபேக்டரி வாசல் சரிவில் மாப்பிள்ளை வழுக்கி விழுந்தது. வண்டியின் ஒரு பக்கக் கட்டை அதன்மேல் சாய, சின்னவனும் இன்னும் நாலு பேரும் சேர்ந்து தூக்கி நிறுத்தினார்களாம். வீட்டுக்கு வந்தபோது முன்னங்கால் முட்டியில் தோல் உரிந்து ரத்தம் ஒழுகிக்கொண்டிருந்தது. குதிரைக்கு முட்டிதான் ஆஸ்தி என்பார்கள். எல்லோரும் முட்டியைத்தான் பார்த்தார்கள். மருந்து போட்டார்கள், கட்டுப் போட்டார்கள், முற்றத்தில் சுற்றிச் சுற்றி நடக்கவிட்டுப் பார்த்தார்கள். முட்டி ஆறியது. ஆறியதும் மறுபடி வண்டியில் பூட்டினார்கள்.

அதற்கப்புறம்தான் கடி ஆரம்பித்தது. முதலில் ஐஸ்காரரின் சட்டைக் கை கிழிந்தது. அப்புறம் சின்னவன் தோள். ஒவ்வொரு கடிக்கும் ஒவ்வொரு வைத்தியம் நடந்தது. கடித்த உடனே மூக்கில் ஓங்கி அறைந்தார்கள். அறைக்குத் தலையைத் தூக்கித் தப்பிக்கப் பழகிக்கொண்டது. வேகவைத்த உருளைக்கிழங்கைச் சுடச்சுடச் சட்டைக் கைக்குள் வைத்துக்கொண்டு போனால் ஒரு தடவை கடித்து வாய் வெந்ததும் ஜென்மத்துக்கும் மறக்காது என்று யாரோ சொல்ல, சின்னவன் அதையும் செய்தான். கிழங்கு அவன் கையைத்தான் வேகவைத்தது. மாப்பிள்ளை ஆற அமர யோசித்துவிட்டு மற்றொரு கையைக் கடித்தது. அன்றைக்கு நான் ஜன்னலில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பில் பாபின் நூலெல்லாம் சிக்கிப்போயிற்று.

சந்தையில் ஒரு மீன்காரம்மாவின் தோளைக் கவ்வியபோதுதான் சிரிப்பு நின்றது. சந்தை மேஸ்திரி வண்டியை நிறுத்தி, இன்னொரு முறை பல் பட்டால் இந்தக் குதிரை கேட்டைத் தாண்டி உள்ளே வராது என்று கூட்டத்துக்கு நடுவில் சொல்லிவிட்டார். சந்தைக்குள் போகாத குதிரைக்கு வேறு வேலை இல்லை. அதை வாங்க வருகிற ஆளும் ஒரே ஆள்தான், தோல்காரர். வயதான மாடு, நொண்டிக் கழுதை எதையும் அவர் வேண்டாமென்று சொல்வதில்லை.

அதனால்தான் நான் சீருடைகளைத் தள்ளிவைத்துவிட்டு வாய்க்கூடு தைத்தேன். இரட்டைத் தையல் போட்டு, ஓரத்துக்குத் தோல் பட்டை வைத்து, மூச்சுவிட ஓட்டை விட்டுத் தைத்தேன். மாப்பிள்ளை அதைச் சுவரில் தேய்த்தே ஒரே காலையில் நார் நாராக்கிவிட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. குதிரைக்காக இல்லை, என் தையலுக்காக.

லாடம் அடிக்கிறவர் வந்தபோது இந்தப் பேச்சு எழுந்தது. அவர் மாப்பிள்ளையின் காலைத் தன் தொடைமேல் வைத்துக் குளம்பைச் சீவிக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார்.

"கடிச்சப்பறம் அடிச்சு என்ன பிரயோசனம்? கடிக்கறதுக்கு முன்னாடி காது பின்னால படியும். காது படியறப்பவே ஒண்ணு போடு. காதை நிமித்தினா தட்டிக்குடு. காதைத் திருத்திட்டா வாய் தானா திருந்தும்."

ஐஸ்காரருக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. அடிக்க அவருக்கு மனசு வராது என்பது எனக்குத் தெரியும். இது அடி மாதிரியும் இல்லை. பழைய சைக்கிள் டியூபில் ஒரு முழ நீளத்துக்கு ரப்பர் பட்டை வெட்டி லாயத்து ஆணியில் மாட்டினார். சந்தையிலிருந்து வந்ததும் சாப்பிடக்கூடப் போகமாட்டார், நேரே மாப்பிள்ளை பக்கத்தில் போய் நிற்பார். கையை அதன் விலாப்பக்கம் கொண்டுபோவார். காது படியும். சுளீரென்று மூக்கின் மேல் ஒரு தட்டு. காது நிமிரும். உடனே கழுத்தைத் தடவி, "இப்படி இருந்தா எவ்வளவு நல்லா இருக்கு" என்று கேரட் துண்டு கொடுப்பார். மறுபடி கை. மறுபடி காது. மறுபடி தட்டு. கோபப்படாமல், குரலை உயர்த்தாமல், வெயில் சாயும்வரை அதையே செய்துகொண்டிருப்பார். அந்தப் பொறுமை எனக்கிருந்தால் நான் எங்கேயோ போயிருப்பேன்.

அவர் மனைவி மட்டும் ஒரு நாள் வாய்விட்டுச் சொன்னாள். மாப்பிள்ளை எல்லாரையும் எப்போதும் கடிப்பதில்லை, இடது பக்கம் நின்று வயிற்றுவார் இறுக்கும்போதுதான் காதை மடிக்கிறது, மீன்காரம்மாவும் அந்தப் பக்கம் உரசிக்கொண்டு போனவள்தான் என்றாள்.

"நீ என்ன அவனுக்கு வக்கீலா?" என்றார் ஐஸ்காரர். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

"இல்லீங்க, அந்தப் பக்கம் ஏதோ இருக்கு. கை வெச்சா தோலு துடிக்குது. ஒருதரம் நல்லாப் பாருங்களேன்."

அவள் முகத்தில் கவலை தெரிந்தது. ஐஸ்காரர் ரப்பர் பட்டையை ஆணியில் மாட்டிவிட்டு வண்டியில் போய் உட்கார்ந்துகொண்டார். சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. அவள் கொஞ்ச நேரம் வாசலில் நின்றாள். அப்புறம் முகத்தைச் சரிசெய்துகொண்டு, சாப்பிட வாங்க என்று சிரித்த முகமாகக் கூப்பிட்டாள். அவர் எழுந்து வந்தார்.

மாப்பிள்ளை திருந்திவிட்டது. திருந்தும் என்று நானும் நம்பவில்லை, ஆனால் கண்ணால் பார்த்தேன். விலாவில் கை வைத்தாலும், வாரை இறுக்கினாலும், பக்கத்தில் வாளியைப் போட்டு உருட்டினாலும் இரண்டு காதும் முன்னால் பார்த்து விறைப்பாக நிற்கும். சந்தையில் மேஸ்திரியே வந்து கழுத்தைத் தட்டிக்கொடுத்தாராம். மீன்காரம்மா, கடித்த மாப்பிள்ளை நீதானா என்று கேலி செய்தாளாம். ஐஸ்காரர் அன்றைக்கு எனக்கும் சேர்த்து ரொட்டி வாங்கிக்கொண்டு மேலே வந்தார். அந்த மனிதர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. சின்னவன் முற்றத்தில் மாப்பிள்ளைக்குக் கைகுலுக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒரு வீடு பிழைத்துக்கொண்டது என்று நினைத்தேன்.

மறுநாள் நூல் கோக்க வந்தவளிடம், "என்ன, உங்க மாப்பிள்ளை தங்கமாயிட்டாரே" என்றேன்.

"ஆமாக்கா" என்றாள். ஊசிக் காதை வெளிச்சத்துக்குக் காட்டிப் பிடித்தபடி சொன்னாள்: "முன்னாடியெல்லாம் நான் போனா அது என்ன நெனக்குதுன்னு தெரியும்கா. இப்ப எதுவும் தெரியல. மூடின வீடு மாதிரி நிக்குது."

நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சிரித்த முகமாகத்தான் சொன்னாள்.

அது நடந்த காலையில் மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. நான் டீயைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலில் நின்றேன். சின்னவன் சாக்குகளை வண்டியில் எறிந்துகொண்டிருந்தான். அவள் இடது பக்கம் நின்று வயிற்றுவாரை மாட்டினாள். தோல் நனைந்து தளர்ந்திருக்கும்போல. ஐஸ்காரர் சேணத்தை அசைத்துப் பார்த்துவிட்டு, இன்னொரு துளை இறுக்கு, சரிவில் போகும்போது நழுவிடும் என்றார். அவள் வாரை இரண்டு சுற்றுக் கையில் சுற்றிக்கொண்டு, காலை ஊன்றி இழுத்தாள். நான் மாப்பிள்ளையின் காதுகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், சத்தியமாகச் சொல்கிறேன். அந்த வீட்டில் எல்லோருக்கும் காதைப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டிருந்தது. இரண்டும் முன்னால்தான் நின்றன. ஒரு மயிரிழை அசையவில்லை. அப்படியே தலையைத் திருப்பி அவள் வலது கையைக் கவ்வியது.

கவ்வியதை விடவில்லை. அவள் கத்தவும் இல்லை. ம் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். சின்னவன் ஐஸ் கொக்கியின் கட்டையால் மாப்பிள்ளையின் நெற்றியில் அடித்தான். ஐஸ்காரர் அதன் வாயோரம் தன் விரல்களை விட்டுத் தாடையை நெம்பினார். நான் டீயைக் கீழே போட்டதும் படியில் இறங்கினதும் எனக்கு நினைவில்லை. போய்ச் சேர்ந்தபோது அவள் வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நனைந்த சாக்கு ஒன்றில் கையைச் சுற்றியிருந்தார்கள். சாக்கிலிருந்து சொட்டிய தண்ணீர் சிவப்பாக மரத்தூளில் இறங்கிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை பக்கத்திலேயே நின்றது. நெற்றியில் ரத்தம். காதுகள் இன்னும் முன்னால்.

ஆஸ்பத்திரியில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் எடுத்துவிட்டார்கள். மற்ற இரண்டும் இருக்கின்றன, மடங்காது. அவளுக்குத் துணையாக நான்தான் இருந்தேன். கட்டுப் பிரிக்கிற அறையில் ஆம்பளைகளெல்லாம் கத்துகிறார்கள், இவள் முகத்தைச் சுளிக்கக்கூட இல்லை. நர்ஸம்மா, இவங்களை மாதிரி எல்லாரும் இருந்தா எங்களுக்கு வேலையே சுலபம் என்று பாராட்டினாள். ஐஸ்காரர் கட்டில் ஓரத்தில் நின்று, அவளைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்த அன்றே தோல்காரர் வரப்போகிறார் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. மேஸ்திரி சொல்லியனுப்பத் தேவையே இருக்கவில்லை. ஐஸ்காரர்தான் முடிவெடுத்தார். மாலையில் முற்றத்தில் அவர்கள் பேசிக்கொண்டது எனக்குக் கேட்டது. நான் மெஷினை நிறுத்திவிட்டேன்.

"அனுப்பாதீங்க" என்றாள். "வண்டி இழுக்க வேணாம். சும்மா நிக்கட்டும். நான் ஒரு கையால புல்லு போட்டுக்கறேன்."

"நீ இதைச் சொல்லலாமா? உன் கையைப் பாரு."

"அது வேணும்னு செய்யல."

"சொல்லிட்டுக் கடிச்சா ஒதுங்கிக்கலாம். சொல்லாமக் கடிக்கறதை வெச்சுக்கிட்டு யாரு பக்கத்துல போறது? நாளைக்கு என் கழுத்தைப் பிடிக்கும். சின்னவன் கழுத்தைப் பிடிக்கும்."

 அவள் சொன்னாள், சண்டைக்கு வருகிற குரலில் இல்லை, சாதாரணமாக.

"சொல்லிட்டுத்தாங்க இருந்துது. நீங்கதான் சொல்ல வேணாம்னுட்டீங்க."

ஐஸ்காரர் எழுந்து வண்டியில் போய் உட்காருவார் என்று எதிர்பார்த்தேன். உட்காரவில்லை. நின்ற இடத்திலேயே நின்றார்.

தோல்காரர் மறுநாள் மத்தியானம் வந்தார். பருத்த மனிதர், நல்ல சுபாவம். பிராணியை வாங்கப்போகிற எல்லோரையும் போல மாப்பிள்ளையை ஒரு சுற்று சுற்றி வந்தார். முதுகைத் தடவினார், தொடையைத் தட்டினார். கறி எவ்வளவு, தோல் எப்படி என்று பார்க்கிற கை அது. இடது விலாவில் விரல்களை ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டே வந்தவர், முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், வயிற்றுவார் படிகிற இடத்தில் நிறுத்தினார். மறுபடி அழுத்தினார்.

"இது எப்ப விழுந்துது?" என்றார்.

சின்னவன் சொன்னான்.

"விலா எலும்பு ரெண்டு ஒடஞ்சிருக்கு. கோணலாக் கூடியிருக்கு, ஒரு முனை உள்ள குத்திக்கிட்டு நிக்குது. கைய வெச்சுப் பாருங்க. இந்த இடத்துல வார் கட்டியா வண்டி ஓட்டுனீங்க?"

அவர் குற்றம் சொல்கிற மாதிரி கேட்கவில்லை. இது என்ன ஊர்த் தண்ணீர் என்று கேட்பது போலக் கேட்டார். ஐஸ்காரர் போய்க் கை வைத்தார். தோல்காரர் அவர் விரலைப் பிடித்து அந்த இடத்தில் அழுத்திக் காட்டினார். தோலுக்கடியில் சதை வெடவெடவென்று துடித்ததை நான் மாடியிலிருந்தே பார்த்தேன். மாப்பிள்ளையின் காதுகள் மட்டும் அசையாமல் முன்னால் பார்த்து நின்றன. அழுத்த அழுத்த இன்னும் விறைத்து நிமிர்ந்தன.

ஐஸ்காரர் கையை எடுத்துக்கொண்டார். வைத்தியம் செய்தால் சரியாகுமா என்று கேட்டார். எனக்கு அதெல்லாம் தெரியாது, நான் எடை பார்க்கிற ஆள் என்றார் தோல்காரர். அப்புறம் ஐஸ்காரர் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டோ என்னவோ, கூடின எலும்பை இனி யார் பிரிப்பார்கள், நின்றாலும் வலி, நடந்தாலும் வலி, வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறீர்கள் என்றார்.  பதில் சொல்ல ஏதாவது இருந்திருந்தால் நான் மாடியிலிருந்தே கத்தியிருப்பேன்.

அவள் இடது கையில் கேரட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். மாப்பிள்ளை உதட்டால் துழாவி, அவள் உள்ளங்கையைக்கூட நனைக்காமல் அதை எடுத்துக்கொண்டது. அவளோடு தனியே நின்ற அந்த நேரத்தில் அதன் தலை தாழ்ந்தது, ஒரு காது மெல்லப் பின்னால் சாய்ந்து தொங்கியது. அசந்துபோன பிராணி அப்படித்தான் காதைத் தொங்கவிடும். அப்போது ஐஸ்காரர் கயிற்றை எடுத்துக்கொண்டு கிட்டே வந்தார். அவரைக் கண்டதும் இரண்டு காதும் சட்டென்று நிமிர்ந்து முன்னால் வந்தன. அவர் கயிற்றைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார். மாப்பிள்ளை தோல்காரரோடு அடக்கமாகப் போனது. எந்தத் தகராறும் செய்யவில்லை.

சின்னவன் ஃபேக்டரியிலேயே கொக்கி போடுகிற வேலைக்குச் சேர்ந்துவிட்டான். ஐஸ்காரர் வண்டியை விற்றுவிட்டு ஒரு கைவண்டி வாங்கினார். சந்தைத் தெருவில் அவரே மார்பில் ஒரு வாரைப் போட்டுக்கொண்டு, குனிந்து இழுத்துப் போகிறார். பாதி ஐஸ் வழியிலேயே உருகிவிடுகிறது என்று சந்தைக்காரர்கள் முணுமுணுக்கிறார்கள். லாயத்தில் மரத்தூள் மூட்டைகளை அடுக்கியிருக்கிறார்கள். ரப்பர் பட்டை அதே ஆணியில் தொங்குகிறது. அதை எடுத்துப் போட அந்த வீட்டில் யாருக்கும் கை வரவில்லை.

அவள் இன்னும் மத்தியானங்களில் மேலே வருகிறாள். இடது கையால் நூல் கோக்கப் பார்க்கிறாள். ஊசியை மெஷினில் குத்திவைத்துவிட்டு, நூலை எச்சிலில் நனைத்து, குறி பார்த்துக் குறி பார்த்து விடுகிறாள்.  கண் தெரியாத நானே அதைவிடச் சீக்கிரம் கோத்துவிடுவேன், ஆனாலும் காத்திருக்கிறேன்.

போன வாரம் ஒரு தலையணை உறையைக் கொண்டுவந்தாள். கிழிந்துவிட்டது, ஒட்டுப் போட்டுத் தாங்கக்கா என்றாள். விரித்துப் பார்த்தேன். ஒரு மூலை மட்டும் கந்தலாகியிருந்தது. மற்ற இடமெல்லாம் புதுசு.

"இது எப்படிம்மா கிழிஞ்சுது?"

"எலி கடிச்சிருக்கும்கா."

நான் வாழ்நாளெல்லாம் துணி பார்க்கிறவள். எலி கடித்தால் நூலை நறுக்கிப்போடும், ஓரம் கத்தரித்த மாதிரி இருக்கும். இது நறுக்கியதில்லை. மென்று, இழுத்து, மறுபடி அதே இடத்தில் மென்றது. அரைவட்டமாகப் பல் குழிகள் பதிந்து, துணி விறைத்துப் போயிருந்தது. 

அந்த நேரத்தில் ஐஸ்காரர் படியேறி வந்தார். வேலை முடிந்து வந்திருக்கிறார். சட்டையின் மார்பில் வார் அழுத்திய ஈரக் கோடு. இப்போதெல்லாம் அவளைத் தேடிக்கொண்டு வந்துவிடுகிறார். வந்ததும் அவள் முகத்தை உற்றுப் பார்ப்பார், எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறவர் போல. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள்முதல் ஒரே கேள்விதான்.

"வலிக்குதா?"

"இல்லீங்க" என்றாள். முகம் பளிச்சென்று இருந்தது.

"நிஜமாத்தான் கேக்கறேன். வலிச்சா சொல்லு."

"வலி இல்லீங்க. இருந்தா சொல்லமாட்டேனா?"

எனக்கு வந்ததே கோபம். யார்மேல் என்று கேட்டால் எனக்கே தெரியாது. அந்த உறையைச் சுருட்டி அவர்மேல் எறிந்தேன். "இதைப் பாரு தம்பி" என்றேன்.

அவர் விரித்தார். மூலையைக் கண்டதும் கை நின்றது. கட்டைவிரலால் அந்தக் குழிகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். மாப்பிள்ளை முதல்முதலாகக் கிழித்த சட்டைக் கையை அன்றைக்கு இப்படித்தான் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றார். கடி எது, கிழிசல் எது என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நிமிர்ந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. 

"ஏன்டி" என்றார் கடைசியில். "எங்கிட்ட சொல்லக் கூடாதா? வாய்விட்டு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

அவள் ஊசியையும் நூலையும் மெஷின்மேல் வைத்தாள். விரல் போன கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"முகம் மாறாம அதை எப்படிச் சொல்றதுன்னு தெரியலீங்க" என்றாள்.

சொல்லும்போதும் அவள் முகம் மாறவில்லை.